கேப்டன் மூடிய கை

பஸ் ஏர் பிரேக்கை விடும்போது புஸ்ஸென்று ஒரு சத்தம் வருமே, மலைப்பாம்பு அலுத்துப்போய் விடும் பெருமூச்சு மாதிரி, அதைக் கேட்டால் இப்போதும் என் வலது கை தானாகப் பாக்கெட்டுக்குள் நுழைந்துகொள்கிறது. டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் இது நடக்கும். சில்லறை தேடுகிறேன் என்று பக்கத்தில் நிற்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும்.

நீங்களும் இதை நம்பப்போவதில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் பத்தியிலேயே எழுந்து போயிருப்பேன். பேய்க்கதை சொல்கிறவர்களை மோடி மஸ்தானுக்கும் ஒரு படி கீழே வைத்திருக்கிறவன் நான். மோடி மஸ்தானாவது கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுவதாகக் கூட்டம் சேர்த்து, சண்டையே விடாமல் தாயத்து விற்றுவிட்டுப் போகிறான், அவனுக்குப் பசி. இவர்களுக்கு என்ன கேடு? எண்ணூர் ரோட்டில் வெள்ளைப் புடவை, காசிமேட்டில் தலையில்லாத மீனவன், கொடுங்கையூர் குப்பைப் புகைக்குள்ளிருந்து பேர் சொல்லிக் கூப்பிடும் குரல். அந்தப் புகைக்குள் நின்றுகொண்டு கூப்பிடுகிறதே, ஒரு தரமாவது இருமவேண்டாமா அது? எங்கள் பக்கத்தில் ஆளைக் கொல்லக் கன்டெய்னர் லாரி இருக்கிறது, கெமிக்கல் கம்பெனிக் காற்று இருக்கிறது, மழை நின்றாலும் நிற்காமல் பெய்யும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் இருக்கிறது. இத்தனை பேர் வேலை பார்க்கும் இடத்தில் பேய் வந்து எந்த ஷிப்ட்டில் நிற்கும்? இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். ஒரே ஒரு மத்தியானத்தைத் தவிர.

அப்போது நான் ஹார்பரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் வேலையில் இருந்தேன். கப்பலிலிருந்து சரக்கு இறங்கும்போது கூட நின்று பார்த்து, பெட்டி உடையாமல் வெளியே எடுத்துவருகிற வேலை. சாயங்காலமானால் தண்டையார்பேட்டையில் ஒரு பிரௌசிங் சென்டர், பிளைவுட் தடுப்புக்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வலைப்பதிவு எழுதுவேன். தமிழில் எல்லாரும் வலைப்பதிவு எழுதிய காலம் அது. ஒருவர் உலக சினிமா எழுதினார், ஒருவர் உலகத்தையே திருத்தினார், ஒருவர் தன் வீட்டுப் பூனையைப் பற்றி நாற்பது பதிவு போட்டார். எல்லாவற்றுக்கும் கீழே அதே பின்னூட்டம்: அருமை, தொடருங்கள். ரேஷன் கடையில் சீல் குத்துவதுபோல அருமை குத்திக்கொண்டே போவார்கள்.

நான் எழுதியது ஒரு தீம் பார்க்கைப் பற்றி மட்டும். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, கடல் பக்கமாக இருந்தது. கடல் ராஜ்ஜியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பேர் வேண்டாம். அந்தப் பார்க்கின்மேல் எனக்கு இருந்தது காதல் என்றால் சிரிப்பீர்கள், ஆனால் வேறு சொல் இல்லை. தெற்கே இருக்கிற பெரிய பெரிய பார்க்குகளை நான் மதித்ததே கிடையாது, அங்கே எல்லாம் புதுசு, எல்லாம் ஒரே வாய் வைத்துச் சிரிக்கும். கடல் ராஜ்ஜியம் அப்படி இல்லை, உடைந்த கப்பல்களைத் தின்று வளர்ந்த பார்க் அது. தண்ணீர் சறுக்குக்கு ஏறும் படிக்கட்டு, உண்மையில் ஏதோ ஒரு சரக்குக் கப்பலின் ஏணி. கைப்பிடியைச் சுரண்டினால் பெயின்ட்டுக்கு அடியில் நமக்குத் தெரியாத பாஷையில் ஒரு எழுத்து தெரியும். வாசலில் இருக்கும் கடல்கன்னியின் செதில்கள் உடைந்த பாத்ரூம் டைல்ஸ், வாலுக்குப் பக்கத்தில் ஒரு செதிலில் ரோஜாப்பூ டிசைனே இருக்கும். குப்பை போடச்சொல்லி வாயைத் திறந்து நிற்கும் பெங்குவின்களில் ஒன்றுக்கு மட்டும் பெயின்டர் மீசை வைத்திருந்தான், அதன் முகத்தில் தெரியும் அவமானத்தை நான் ஒரு முழுப் பதிவாக எழுதினேன். ஜனங்களுக்கு இதெல்லாம் கண்ணில் பட்டதே இல்லை. புளியோதரைப் பொட்டலத்தோடு வந்து, அலைக்குளத்துக்கு ஓடி, ஒருத்தர் தலைமேல் ஒருத்தர் விழுந்து, கடல்கன்னியின் இடுப்பில் கைபோட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். கண் என்பது அவர்களுக்கு வெயில் படாமல் சுருக்கிக்கொள்ள மட்டும் இருந்தது.

என்னுடைய பதிவுகளிலேயே பேர் வாங்கியது கொலம்பஸ் கேப்டனைப் பற்றிய பதிவு. கொலம்பஸ் தெரியும் இல்லையா, கப்பல் மாதிரி இருக்கும் பெரிய ஊஞ்சல், முன்னும் பின்னும் ஆடி அடிவயிற்றைக் கலக்குமே, அது. அதற்கு எதிரே, ராட்டினம் ஓட்டுகிறவர் உட்காரும் கூண்டுக்கு நேர் முன்னால், ஒரு சிமென்ட் கேப்டன். ஆள் உயரத்துக்கு இன்னும் பாதி சேர்த்த உயரம், வெள்ளைத் தொப்பி, ஒரு கை இடுப்பில், வலது கை தலைக்கு மேல், ஆள்காட்டி விரல் வானத்தைப் பார்த்து. வானத்தைக் காட்டுகிறான், திசை காட்டுகிறான், கடவுள் ஒருவரே என்கிறான் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மடையர்கள். ஹார்பரில் கால் வைத்தவனுக்கு அது என்ன என்று தெரியும். விரலை மேலே நீட்டினால் சரக்கைத் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு. கையை மூடி முஷ்டி பிடித்தால் நிறுத்து. சிலை செய்தவன் எவனோ ஹார்பரில் வேலை பார்த்திருக்கிறான், அவனுக்குக் கேப்டன் எப்படி நிற்பான் என்று தெரியாது, கப்பலில் அவன் பார்த்த மனிதன் கை காட்டுகிற ஆள்தான்.

அந்தக் கையைப் பற்றி இன்னும் ஒன்று எழுதியிருந்தேன். பழைய கப்பல்களில் சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்ச் ஓட்டுகிறவனுக்குக் கீழே சரக்கு அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. திறப்பின் விளிம்பில் ஒருவன் நின்று எட்டிப்பார்த்துக் கை காட்டுவான். விஞ்ச் ஓட்டுகிறவன் அந்தக் கையை மட்டும் பார்ப்பான், முகத்தைக்கூடப் பார்க்கமாட்டான். தூக்கவும் இறக்கவும் அந்த ஒருவன் சொன்னால்தான். ஆனால் நிறுத்து என்று மட்டும் யார் கை மூடினாலும் நிறுத்திவிட வேண்டும், டீ கொண்டுவருகிறவன் மூடினாலும் சரி. யார் சொன்னது, ஏன் சொன்னான் என்பதெல்லாம் நிறுத்திய பிறகு.

இந்தப் பதிவைப் பார்க் முதலாளி தனபால் யாரையோ விட்டுப் பிரின்ட் எடுக்கச் சொல்லி, லாமினேட் செய்து, ஆபீஸில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். நான் போனால் டிக்கெட் கேட்பதில்லை. அந்த மரியாதைதான் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

கொலம்பஸை ஓட்டியவர் சூசை. ராயபுரம் ஆள், ஹார்பரில் விஞ்ச் ஓட்டி, கன்டெய்னர் வந்ததும் வேலை போய், இங்கே வந்து கப்பல் பொம்மையை ஆட்டிக்கொண்டிருந்தார். வாய் அதிகம். கடலில் போகிற கப்பலை எல்லாம் தான்தான் தூக்கி வைத்ததுபோலப் பேசுவார். ஒரு நாள் காலையில் ஹார்பர் கேட்டுக்கே என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"நைனா, நீதானே எய்தினே, கேப்டன் கை காட்றான்னு?"

"ஆமா."

"மெய்யாலுமே காட்றான்."

"அண்ணே, காலைலயேவா?"

"த்தூ. வாய ஊதிக் காட்டட்டா? சொல்றத கேளு. கப்பல் ஷோக்கா ஆடிகினு கீது. நிமிந்து பாக்கறேன், வெரல மடக்கிகினு கைய மூடறான். ஸ்டாப்பு. நான் நிறுத்திட்டேன். ஒரு தபா இல்ல, மூணு தபா ஆச்சு இந்த மாசம்."

சிமென்ட் விரல் மடங்கினால் உள்ளே இருக்கும் கம்பி வளைந்து சிமென்ட் பொடிப்பொடியாகக் கொட்டும் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. விஷயம் வேறு. நடு ஆட்டத்தில் நிறுத்தினால் ஜனம் சும்மா விடுமா, கூண்டுக்கு முன்னால் வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். தனபால் பக்திமான், கேப்டன் கை மூடினான் என்றதும் பூசணிக்காய் உடைத்திருக்கிறார், எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறார், சிமென்ட் பூட்ஸின் காலடியில் கற்பூரம் ஏற்றியிருக்கிறார். ஆனால் அவருடைய மருமகன் அண்ணா நகரிலிருந்து வந்து பார்க்கைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டான், எம்.பி.ஏ. படித்தவன், அவனுக்குச் சூசை ஒரு குடிகாரக் கிழவன். இன்னொரு தரம் நிறுத்தினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்றுவிட்டான். மாமனார்தான் கெஞ்சி ஒரு வாய்ப்பு வாங்கித் தந்திருக்கிறார்: கேப்டனைப் பற்றி எழுதினாரே, அந்த சார் வரட்டும், கூண்டில் உட்கார்ந்து பார்க்கட்டும், அவர் சொல்வதை வைத்து முடிவு செய்வோம்.

"எனக்கு இன்னா வேலை தெரியும் நைனா? ஒண்ணத் தூக்கணும், எறக்கணும், ஆட்டணும். இதுவும் போச்சுன்னா வூட்டுக்காரி கூடவே நாள் பூரா குந்திகினு கெடக்கணும். அவளாண்ட ஸ்டாப்பு பட்டனு கூட கெடையாது."

"நான் வர்றேன். ஆனா பார்த்ததைத்தான் சொல்வேன். பொய் சொல்லமாட்டேன்."

"பொய் சொல்லுன்னு எவன் சொன்னான்? வந்து பாரு, அவ்ளோதான்."

போனேன். சாட்சி சொல்லப் போகவில்லை, சிரிக்கப் போனேன். பூசணிக்காய் தனபாலைப் பார்த்துச் சிரிக்க, கேப்டனின் இடுப்பில் தொங்கும் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துச் சிரிக்க. எதிலும் மீதி வைக்காமல் பார்த்துப் பார்த்து எழுதிய என் பார்க்கை இரண்டு பேர் சேர்ந்து மாரியாத்தா கோயிலாக ஆக்கிக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. சிமென்ட் சிமென்ட்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம், சூசை வேலை போனால் போகட்டும், அது ஊரைப் பிடித்த முட்டாள்தனத்துக்கு அவர் கட்டும் வரி என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன், அலங்கரிக்க ஒன்றுமில்லை.

கத்திரி வெயில், உச்சிப்பொழுது. இருட்டு இல்லை, மின்னல் இல்லை, நாய் ஊளையிடவில்லை. கானல் அடித்துத் தரையே பால் பொங்குவதுபோல நடுங்கிக்கொண்டிருந்தது, கடல் பக்கமிருந்து கருவாட்டு வாசனையும் எண்ணூர் பக்கமிருந்து கந்தக வாசனையும் வந்து மூக்குக்கு முன்னால் கைகுலுக்கின. தகரக் கூண்டுக்குள் சூசை பக்கத்தில் ஒரு ஸ்டூலில் நான். கீழே கம்பித் தடுப்பை ஒட்டி நிழலில் தனபாலும் மருமகனும். கப்பலில் காலேஜ் பெண்கள் ஒரு கூட்டம், மாதவரத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், அந்த வீட்டு அம்மா சிப்ஸ் பாக்கெட்டை ஊஞ்சலிலும் கீழே வைக்கவில்லை. கப்பலின் அடிவயிற்றில் ஒரு லாரி டயர் சுழன்று அதைத் தள்ளிவிடும், அதுதான் அந்த மாயத்தின் முழு ரகசியம், வேகம் குறைக்க ஒரு இரும்புப் பிடியை இழுத்தால் ஏர் பிரேக் பிடிக்கும். முதல் இரண்டு ஆட்டத்திலும் சூசை அதை இழுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு என்ன வேலை எனக்கு.

இரண்டு ஆட்டமும் ஒழுங்காக முடிந்தன. விரல் நின்ற இடத்தில் நின்றது. மருமகன் கீழேயிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். ஒன்று கவனித்தேன், சூசை கேப்டனைப் பார்க்கவே இல்லை. தன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஆட்டம். கப்பல் முழு உயரத்துக்குப் போய்விட்டது, பெண்கள் கத்தல், சிப்ஸ் பறக்கிறது. நான் கேப்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எப்படியென்றால், நீங்கள் வீட்டுச் சுவரைப் பார்ப்பதுபோல. நம்பினால் நம்புங்கள், விரல் மடங்குவதை நான் பார்க்கவில்லை. அசைவே இல்லை. அங்கே நீட்டிய விரல் இருந்தது, அப்புறம் அங்கே மூடிய கை இருந்தது, எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்பதுபோல இருந்தது. விரல் முட்டிகளில் பெயின்ட் வெடித்து அடியில் சாம்பல் நிறச் சிமென்ட் தெரிந்தது. வெயில் அந்த முட்டிகளின்மேல் நன்றாக விழுந்தது. கட்டைவிரல் வெளியே இல்லை. மற்ற நான்கு விரல்களுக்கு உள்ளே இருந்தது.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சிரித்திருப்பேன். எத்தனையோ வருஷம் தொங்கும் சரக்குக்குக் கீழே நின்ற உடம்பு என்னுடையது, அதற்கு அந்தக் கை யாருடையது என்று கேட்கத் தெரியாது. சூசையின் மடிமேல் விழுந்து, பிடியைப் பிடித்து, இழுத்தேன்.

புஸ்ஸ்ஸ்.

கப்பல் உடனே நிற்காது, ஆடி ஆடி, மனசில்லாமல், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் உயரத்தை விட்டுக்கொடுத்து நிற்கும். அந்தச் சத்தம் அடங்கும்வரை கை மூடியே இருந்தது. அடங்கியதும் விரல் மேலே. நான் கண்ணைச் சிமிட்டினேனா என்று தெரியவில்லை. சூசை கேப்டனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவன்டா நிறுத்துனது?" என்று கப்பலிலிருந்து மாதவரத்து அம்மா. "சிப்ஸு பூரா கீய போச்சு!"

மருமகன் கூண்டுக்குள் ஏறி வந்துவிட்டான். "யார் இழுத்தது? அண்ணே, நீங்களா?"

"நான் தொடல சார். இவருதான்."

"கை மூடினான்," என்றேன்.

"என்ன சார், நீங்க படிச்சவர்தானே? வெயில் சார். வெறும் கானல். ரொம்ப நேரம் ஒரே இடத்தைப் பார்த்தா அப்படித்தான் தெரியும். சிமென்ட் எப்படி சார் மடங்கும், உள்ளே கம்பி இருக்கில்ல?"

ஒவ்வொரு வார்த்தையும் நான் சொல்லவேண்டிய வார்த்தை. என் வாக்கியங்களை எல்லாம் ஒரு எம்.பி.ஏ. எடுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே நின்றான். அவன்மேல் எனக்கு வந்த வெறுப்பு அளவில்லாதது. என்னைவிட அவன் சரியாக இருந்தான் என்பதைத் தவிர அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை.

தனபால் கீழே நின்றபடியே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டார். கேப்டனையும், கூடவே என்னையும்.

கப்பலை நிறுத்தி வைத்து மெக்கானிக் அடியில் நுழைந்து பார்த்தான். ஒரு போல்ட் தளரவில்லை. ஒரு வெல்டிங் விடவில்லை. டயர் நன்றாக இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களை எனக்குத் தெரியும், அச்சு முறிந்திருந்தது, நிறுத்தியிருக்காவிட்டால் அத்தனை பேரும் போயிருப்பார்கள் என்று நான் சொல்வேன் என்று காத்திருக்கிறீர்கள். ஒன்றும் இல்லை. யாரும் காப்பாற்றப்படவில்லை. மறுநாளே அதே கப்பல் ஆடியது, அதற்கப்புறமும் வருஷக்கணக்காக ஆடியது, வாந்தி எடுத்தவர்களைத் தவிர யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை.

அப்புறம் உடனே ஒரு செத்தவனைத் தேடுவீர்கள். சிலை செய்தவன் ஹார்பரில் சரக்கு விழுந்து செத்திருப்பான், அவன் ஆவி என்பீர்கள். நானே விசாரித்தேன். சிலை செய்தவர் உயிரோடு, வள்ளூரில், மகன் வீட்டில், மூல வியாதியோடு இருந்தார். கேப்டனைப் பற்றிக் கேட்டதற்கு, "தொப்பி சரியா வரலயே" என்று மட்டும் வருத்தப்பட்டார்.

மருமகனோடு நானும் அன்றைக்கே ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நிமிர்ந்து நின்றது, நுனியில் அனல்மின் சாம்பல் ஒரு பூஞ்சைபோல மெல்லிசாகப் படிந்திருந்தது. ஊதினால் பறக்கும் சாம்பல். அந்த விரல் மடங்கியிருந்தால் அது அங்கே இருக்கமுடியாது. முட்டியில் பெயின்ட் வெடிப்பு எதுவும் இல்லை. "திருப்தியா சார்?" என்றான் மருமகன். திருப்திதான். கை மூடவில்லை, மூடியிருக்கவே முடியாது, இது எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும்.

என்னை உறுத்துவது வேறு. அந்தக் கட்டைவிரல். ஹார்பரில் நிறுத்து என்று காட்டுகிற எவனும் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடமாட்டான், வெளியே அழுத்தித்தான் வைப்பான். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். என் மூளை வெயிலில் கிறங்கிச் செய்த பொய் என்றால், அது எனக்குத் தெரிந்த கையைத்தான் செய்திருக்கும். சின்னச் சின்ன விஷயத்தைச் சரியாகப் பார்க்கிறவன் என்று பேர் வாங்கிய மூளை அது. நான் பார்த்தது எனக்குத் தெரியாத கை. பிறந்த குழந்தைதான் அப்படி மூடும், கட்டைவிரலை உள்ளே வைத்து, எதையோ விடமாட்டேன் என்பதுபோல. உடனே ஒரு குழந்தையைச் சாகடிக்காதீர்கள். குழந்தையும் இல்லை, ஒன்றும் இல்லை. கட்டைவிரல் உள்ளே இருந்தது, அவ்வளவுதான்.

சூசையின் வேலை தப்பித்தது. தனபால் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார், படித்தவரே பார்த்துவிட்டார், இனி சூசையைத் தொடக்கூடாது என்று. கேப்டனுக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். மாலையோடு அவன் இன்னும் கேவலமாக இருந்தான். நான் அதற்கப்புறம் அந்தப் பார்க்கைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பின்னூட்டத்தில் வந்து கேட்டார்கள், ஏன் சார் எழுதுவதில்லை, தொடருங்கள், அருமை. பார்க்குக்கும் ஒரே ஒரு தரம்தான் போனேன், அதுவும் வெளியே நின்று எட்டிப் பார்க்க. கொலம்பஸ் ஆடிக்கொண்டிருந்தது. சூசை தன் சீட்டைத் திருப்பிப் போட்டிருந்தார். கேப்டனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணாடி ஒன்றை எதிரே மாட்டி, அதில் கப்பலை மட்டும் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் கேப்டன் இருக்கும் பக்கத்தை ஒரு காலண்டர் அட்டை வைத்து மறைத்திருந்தார். நான் கூப்பிடவில்லை. இப்போது அந்த இடம் கன்டெய்னர் யார்டு. கேப்டன் எங்கே போனான் என்று நான் யாரையும் கேட்டதில்லை.

அந்த மத்தியானத்தின் முடிவு மட்டும் பாக்கி. சூசை என்னை பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று ரோட்டுக்குக் கூட வந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, விசிலடித்துக்கொண்டு, புது மாப்பிள்ளைபோல நடந்தார். ஸ்டாப்பில் நிழல் இல்லை. டேங்கர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"இன்னா நடிப்பு நைனா! நான் ஆடிப் பூட்டேன். மேல வந்து வுயுந்தியே, அது ஒண்ணு போதும். மூஞ்சி வேற செத்த மீனு கணக்கா வச்சிகினே. ஓனரு சொன்னப்பறம் அந்தப் பேமானி மருமவன் வாயே தொறக்கல."

"என்ன சொல்றீங்க அண்ணே?"

"இன்னும் இன்னாத்துக்கு என்னாண்டயே டபாய்க்கிறே? அவன் எங்க கை மூடுனான்? எனக்கு சக்கரை நைனா. திடீர்னு கண்ணு கட்டிக்கும், கை ஒதறும். அப்ப நிறுத்தாம ஆட்டுனா ஜனம் செத்துரும். சக்கரைன்னு சொன்னா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவானுங்க. ஒன் பேப்பர படிச்சிட்டு ஓனரு கேப்டனுக்குக் கும்புடு போட்டுகினு இருந்தாரா, சரின்னு அவன் மேல போட்டுட்டேன். பொய்யி. நீ வந்து சிமென்ட்டுன்னு ஒடைச்சிடுவேன்னு ராத்திரி பூரா தூக்கமே இல்ல. நீ பாத்தா, என்னவிட பெரிய ஆளா கீறே."

சிரித்தார். சிரிப்பு ரொம்ப நேரம் ஓடியது. நான் சிரிக்கவில்லை என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது.

"நான் நடிக்கல அண்ணே," என்றேன். "பார்த்தேன். கட்டைவிரல் உள்ளே இருந்தது."

அவருடைய கை என் தோளிலிருந்து மெதுவாக இறங்கியது. திரும்பி, பார்க்கின் சுவரைப் பார்த்தார். சுவருக்கு மேலே கப்பலின் கொடிமரம் தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தொப்பி. நாளைக் காலையிலிருந்து அவர் உட்காரவேண்டிய இடம் அது, எந்த இடத்துக்காக இவ்வளவு பாடுபட்டாரோ அதே இடம், அதே தொப்பிக்கு நேர் எதிரே. பஸ் வந்து நின்று பிரேக்கை விட்டது. நான் படியில் கால் வைத்துவிட்டேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டான். சூசை படியை ஒட்டிய ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கப்பலை எல்லாம் தூக்கி வைத்த அந்தப் பெரிய வாயைக் கிட்டத்தட்ட மூடிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நாளைக்கு நான்தானே நைனா அங்க குந்தணும். நடிச்சேன்னே சொல்லிட்டுப் போயேன்."